வாங்கிய விளையாட்டுக்குள் ஒரு லொத்தர் கடை

இருபத்தோராயிரம் ரூபா கொடுத்து ஒரு வீடியோ கேம் வாங்கிப் போட்டால், அதற்குள்ளே இன்னொரு கடை திறந்திருக்கிறது. அந்தக் கடையில் மூடிய பெட்டிகள் விற்கிறார்கள். காசு கொடுத்துத் திறந்த பிறகுதான் உள்ளே இருப்பது என்னவென்று தெரியும். நீங்கள் தேடிய கால்பந்து வீரர் வரலாம். துப்பாக்கிக்குப் பூசும் ஒரு நிறம் வரலாம். போன வாரம் கிடைத்ததே மறுபடியும் வந்து நிற்கலாம். திருப்பிக் கொடுக்க வழியில்லை. இதற்கு லூட் பாக்ஸ் என்று பெயர். இலவசமாகக் கிடைக்கும் போன் விளையாட்டுக்குள் இப்படி ஒரு கடை இருப்பதையாவது புரிந்துகொள்ளலாம். அவர்களும் எங்கேயாவது சம்பாதிக்க வேண்டும். முழு விலையையும் எண்ணி வாங்கிக்கொண்ட பிறகு எதற்காக இந்தக் கடை?

அந்த இருபத்தோராயிரத்தின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது, பெரிய நிறுவனங்களின் புதிய கேம்கள் 60 டொலரிலிருந்து 70 டொலருக்கு ஏறத் தொடங்கின. டொலரை 300 ரூபா என்று வைத்தால் 21,000. இதில் நமக்கென்று ஒரு தனிக்கதையும் உண்டு. 2022 தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தபோது 60 டொலர் கேம் 12,000 ரூபாவுக்கு அடங்கியது. மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டார்கள். மே மாதத்தில் டொலர் 360 ரூபா வரை போனது. அதே கேம் 21,600 ரூபா ஆயிற்று. அமெரிக்கப் பிள்ளைக்கு விலை ஒரு சதமும் கூடவில்லை. கண்டிப் பிள்ளைக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய இரட்டிப்பு. கம்பளைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்பவரின் நாட்சம்பளம் 2024 செப்டம்பர் வர்த்தமானியின்படி 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் பதினைந்து நாள் முழுப்பேர் விழுந்தாலும் அந்த ஒரு கேமுக்குக் காணாது.

இருந்தாலும் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வீதியில் கெலிஓயாவில் இறங்கி, தவுலகல பக்கமாக நடந்து பாருங்கள். கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் வாப்பா லீவில் வரும்போது கொண்டுவந்த பிளேஸ்டேஷன் ஒரு வீட்டில் இருக்கும். பக்கத்து வீட்டில் யாரோ பாவித்துவிட்டு விற்ற பழைய மெஷின் இருக்கும். ஒரு டிஸ்க் நாலைந்து வீடு சுற்றிவரும். பெருநாள் காசு, அரையாண்டுப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்ததற்கு மாமி கொடுத்த காசு எல்லாம் சேர்ந்து ஒரு கேம் ஆகும். இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிய ஒன்றுக்குள் உண்டியலை நீட்டுவது எந்த விதத்திலும் நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நம் ஊரில் கேம் என்பது வேறு வழியாக வந்த காலமும் இருந்தது. சீடி கடையில் நூறோ நூற்றைம்பதோ கொடுத்தால் பிரதி கிடைக்கும். அது சட்டவிரோதம், 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் அதைத் தெளிவாகவே தடைசெய்கிறது. அந்தப் பழக்கத்துக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்த டிஸ்க்கில் விளையாட்டு முழுசாக இருந்தது. கடைசிக் கட்டம் வரை போக உங்கள் கையும் பொறுமையும் போதும். இப்போது சட்டப்படி முழு விலை கொடுத்து வாங்குபவனுக்குத்தான் அரைகுறை விளையாட்டு கிடைக்கிறது. நேர்மையாக நடப்பவனுக்குத் தண்டனை என்று ஆகிவிட்டது.

குதிரைக் கவசத்திலிருந்து

இது ஒரே நாளில் வந்த பழக்கமில்லை. 2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம் 'ஒப்லிவியன்' என்ற தன் கேமில் குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டொலருக்கு விற்றது. விளையாட்டில் அதனால் பெரிய பயன் எதுவும் இல்லை. உலகம் முழுக்கச் சிரித்தார்கள், ஆனாலும் வாங்கினார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்தக் குதிரைக் கவசத்தை வாங்கியவனுக்குத் தான் எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தது. பிடித்தால் வாங்கு, இல்லாவிட்டால் விடு.

பெட்டியை மூடியது அடுத்த படி. 2009 மார்ச்சில் எலக்ட்ரொனிக் ஆர்ட்ஸ், சுருக்கமாக ஈஏ, தன் 'ஃபிஃபா 09' கால்பந்து கேமில் அல்டிமேட் டீம் என்ற பகுதியைச் சேர்த்தது. கார்ட் பக்கெட் வாங்கி, அதில் வரும் வீரர்களைக் கொண்டு உங்கள் அணியைக் கட்ட வேண்டும். 2010இல் வால்வ் நிறுவனத்தின் 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' பூட்டிய பெட்டியை இலவசமாகக் கொடுத்துச் சாவியை விலைக்கு விற்றது. 2016 மே மாதம் 'ஓவர்வொட்ச்' வந்தபோது, முழு விலைக் கேமில் லூட் பாக்ஸ் இருப்பது யாரும் கேள்வி கேட்காத வழக்கமாகிவிட்டது. அதில் உடையும் அலங்காரமும் மட்டும்தானே வருகிறது, வெற்றி தோல்வியை அது தொடுவதில்லையே என்று சமாதானம் சொன்னார்கள்.

அந்தச் சமாதானமும் 2017 நவம்பரில் உடைந்தது. ஈஏ வெளியிட்ட 'ஸ்டார் வோர்ஸ் பேட்டில்ஃபிரன்ட் 2' 60 டொலர் கேம். படத்தைப் பார்த்தவர்கள் அதை வாங்குவதே டார்த் வேடராக, லூக் ஸ்கைவோக்கராக விளையாடத்தான். அந்த இரண்டு பேருமே பூட்டப்பட்டிருந்தார்கள். ஒருவரைத் திறக்க 60,000 கிரெடிட் வேண்டும். ஏறக்குறைய நாற்பது மணிநேரம் விளையாடினால்தான் அவ்வளவு சேரும் என்று விளையாடியவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இன்னொரு பக்கம், ஆட்டத்தில் உங்கள் பலத்தைக் கூட்டும் கார்டுகள் லூட் பாக்ஸில் வந்தன. பாக்ஸைக் காசுக்கு வாங்கலாம். அதாவது காசு போட்டவன் போடாதவனைச் சுட்டு வீழ்த்தலாம்.

நிறுவனம் கொடுத்த விளக்கம் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. கதாநாயகர்களை உழைத்துத் திறந்தால் பெருமையும் சாதித்த உணர்வும் கிடைக்கும் என்று ரெடிட்டில் பதில் எழுதினார்கள். ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தப் பதிலுக்கு எதிர்வாக்குப் போட்டார்கள்; அந்தத் தளத்தில் அதுவரை யாருக்கும் கிடைக்காத எதிர்ப்பு என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 60,000 கிரெடிட்டை 15,000 ஆகக் குறைத்துப் பார்த்தார்கள். கோபம் அடங்கவில்லை. கேம் வெளியாவதற்குச் சில மணிநேரம் முன்பு காசுக்கு விற்பதையே நிறுத்தினார்கள். 2018 மார்ச்சில் கேமின் முன்னேற்ற முறையையே மாற்றி, பலம் கூட்டும் எதுவும் பாக்ஸில் வராதபடி செய்தார்கள்.

இதே காலத்தில் நடந்த இன்னொரு சம்பவத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 2017 ஒக்டோபரில் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட 'ஷேடோ ஒஃப் வோர்' கேமில், எதிரிப் படையின் ஓர்க் வீரர்களை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஓர்க்குக்கும் ஒரு பெயர், ஒரு குணம், உங்களோடு ஒரு பழைய பகை. அந்தப் பகைதான் அந்தக் கேமின் உயிர். அந்த ஓர்க்குகளையே லூட் பாக்ஸில் போட்டு விற்றார்கள். ஏறக்குறைய ஒன்பது மாதத்துக்குப் பிறகு, 2018 ஜூலையில், அந்தக் கடையை முழுவதுமாக மூடினார்கள். கேமை உருவாக்கிய மொனோலித் குழுவே காரணத்தையும் சொன்னது: ஓர்க்கைக் காசுக்கு வாங்க முடியும் என்ற நிலைமையே தங்கள் விளையாட்டின் மையத்தைக் கெடுக்கிறது என்று. கடையை மூடியபோது கேமின் கடைசிப் பகுதியையும் சுருக்கினார்கள். அந்தப் பகுதி இழுபட்டுக்கொண்டே போகிறது என்று விளையாடியவர்கள் முதல் மாதத்திலிருந்தே முறையிட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கடை போனதும் விளையாட்டின் நீளமும் குறைந்தது. அப்படியானால் அந்த இழுவை முன்பு எதற்காக இருந்தது? சலிப்பை உண்டாக்கி, சலிப்புக்கு மருந்தை விற்பதற்கு என்றுதான் நான் நினைக்கிறேன். வெளியிட்டவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் காசு கொடுத்துத் தாண்டிப்போகும் வசதி ஒரு கேமில் இருந்தால், தாண்டிப்போக வேண்டும் என்று தோன்றும்படி அதைச் செய்பவருக்கு ஒரு லாபமும் இருக்கும். நோயும் மருந்தும் ஒரே கையில் இருப்பது நல்லதல்ல. முழு விலை கொடுத்தவன் வாங்கியது நல்ல விளையாட்டை. அந்த விளையாட்டைக் கெடுத்தால்தான் இரண்டாவது கடையில் வியாபாரம் நடக்கும்.

அந்த வியாபாரம் சின்னதும் அல்ல. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் அல்டிமேட் டீம் மூலம் மட்டும் ஈஏக்கு வந்த வருமானம் 162 கோடி டொலர். அந்த நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் 29 வீதம். கேம் செய்யும் செலவு ஏறிவிட்டது, அதனால்தான் இப்படி என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். செலவு ஏறியது உண்மை. அதற்காக விலையை 70 டொலராகக் கூட்டினார்கள், மக்களும் கொடுத்தார்கள். பிறகும் பாக்ஸ் நிற்கிறது. அதுவும் அல்டிமேட் டீமில் நீங்கள் சேர்த்த கார்டுகள் ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த வருடம் புதிய கேம் வரும். பழைய வீரர்கள் அதற்குள் வர மாட்டார்கள். மறுபடியும் முதல் பக்கெட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு வீதம் என்றால் எவ்வளவு

என் தங்கையின் மகனுக்கு வயது பதினான்கு. போன நோன்புப் பெருநாள் பின்னேரம் அவன் தன் கேமில் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கெட் திறந்துகொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

"மாமா, இன்னும் ரெண்டு திறந்தா வந்துரும்."

"எப்பிடிச் சொல்றா?"

"இவ்வளவு நேரம் வரல்ல தானே. இனி வரத்தானே வேணும்."

கணிதத்தில் நல்ல புள்ளி எடுக்கும் பிள்ளை அவன். இந்த எண்ணம் அவனுக்கு மட்டுமல்ல, லொத்தர் சீட்டை விடாமல் வாங்கும் பெரியவர்களுக்கும் உண்டு. ஒவ்வொரு பக்கெட்டும் தனி. முன்னால் திறந்ததை அது நினைவில் வைத்திருப்பதில்லை. ஒரு வீரர் கிடைக்க வாய்ப்பு ஒரு வீதம் என்று வையுங்கள். நூறு பக்கெட் திறந்தால் கட்டாயம் வந்துவிடுவார் என்றுதான் நம் மனம் சொல்லும். கணக்கு வேறு சொல்கிறது: நூறு பேர் ஆளுக்கு நூறு பக்கெட் திறந்தால், அவர்களில் 37 பேருக்கு அந்த வீரர் ஒருமுறைகூட வர மாட்டார். பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டும் என்றால் 69 பக்கெட். பத்தில் ஒன்பது பங்கு நிச்சயம் வேண்டும் என்றால் 230 பக்கெட். பக்கெட் ஒரு டொலர் என்று குறைத்து வைத்தாலே 69,000 ரூபா. கேமின் விலையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதிலும் சில கேம்களில் நல்ல வீரர்களின் வாய்ப்பை 'ஒரு வீதத்துக்கும் குறைவு' என்று மட்டும் போட்டிருப்பார்கள். 0.9 வீதமும் ஒன்றுக்குக் குறைவு, 0.01 வீதமும் ஒன்றுக்குக் குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவே பல லட்சம் ரூபா வித்தியாசம் இருக்கிறது.

விலையும் நேராகத் தெரியாது. ரூபா கொடுத்து முதலில் பொயின்ட் வாங்க வேண்டும். பொயின்ட் கொடுத்துப் பக்கெட் வாங்க வேண்டும். பொயின்ட்டை விற்கும் அளவும் பக்கெட்டின் விலையும் பெரும்பாலும் ஒன்றோடொன்று பொருந்தா. எப்போதும் கொஞ்சம் மிஞ்சும் அல்லது கொஞ்சம் குறையும். மிஞ்சியதை வீணாக்காமலிருக்க இன்னும் கொஞ்சம் வாங்கத் தோன்றும். பக்கெட் திறக்கும்போது வெளிச்சம், இசை, வருவது பெரிய வீரராக இருக்குமோ என்று ஒரு நிமிடம் இழுத்துக் காட்டும் காட்சி எல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தவை. எப்போது பரிசு வரும் என்று தெரியாத நிலையில்தான் ஓர் உயிர் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும் என்பதை பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டினார். சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து அவர் எழுதிய பெரிய புத்தகம் 1957இல் வந்தது. சூதாட்ட மெஷின்கள் ஓடுவது அந்த விதியில்தான். லூட் பாக்ஸும் அதே விதியில்தான் ஓடுகிறது.

பிரிட்டனில் டேவிட் ஸென்டில், போல் கெயார்ன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் 7,400க்கும் மேற்பட்ட விளையாட்டாளர்களிடம் கேட்டறிந்தார்கள். சூதாட்டப் பழக்கம் எவ்வளவு கடுமையோ, லூட் பாக்ஸில் செலவும் அவ்வளவு அதிகம் என்று கண்டார்கள். பாக்ஸ்தான் சூதாடியை உருவாக்குகிறதா, ஏற்கெனவே சூதாட்டப் பலவீனம் உள்ளவரைப் பாக்ஸ் இழுக்கிறதா என்பதை அந்த ஆய்வு தீர்த்துச் சொல்லவில்லை. எது உண்மையானாலும் பலவீனமானவரின் சட்டைப்பையிலிருந்துதான் காசு போகிறது. 2021இல் வெளியான இன்னோர் ஆய்வு, பாக்ஸ் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி, அதிகம் செலவழிக்கும் ஐந்து வீதம் பேரிடமிருந்து வருகிறது என்று மதிப்பிட்டது. அதிகம் செலவழிப்பவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் என்பதற்கும் அந்த ஆய்வு ஆதாரம் காணவில்லை.

2019 ஜூனில் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு ஒன்று ஈஏயின் அதிகாரியைக் கூப்பிட்டு விசாரித்தபோது, இது கின்டர் முட்டைக்குள் பொம்மை வைப்பது போன்ற ஆச்சரியம், மக்கள் விரும்புகிறார்கள் என்று பதில் கிடைத்தது. கின்டர் முட்டையில் பொம்மை பிடிக்காவிட்டாலும் சொக்லேட் இருக்கிறது. வாங்கக் கடைக்கு நடந்துபோக வேண்டும். ஒரு மணிநேரத்தில் இருநூற்று முப்பது முட்டை வாங்குகிற பிள்ளையைக் கடைக்கார நானாவே நிறுத்தி, "உம்மாவக் கூட்டிட்டு வாங்க மகன்" என்பார். திரைக்குள் இருக்கும் கடையில் அப்படிச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

மற்ற நாடுகள் என்ன செய்தன

ஜப்பான் 2012இலேயே, குலுக்கலில் கிடைக்கும் பொருட்களை முழுத் தொகுப்பாகச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற முறையை நிறுத்தியது. சீனா 2017 மே முதல் வாய்ப்பு வீதத்தை வெளியிடக் கட்டாயப்படுத்தியது. தென் கொரியா 2024 மார்ச்சில் அதே விதியைக் கொண்டுவந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, வாய்ப்பு வீதத்தை விளையாடுபவர்களுக்குச் சொல்லாமல் மாற்றியதற்காக நெக்ஸன் நிறுவனத்துக்கு 1,160 கோடி வொன் அபராதம் விழுந்தது. வாய்ப்பு வீதத்தைச் சொல்ல வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறோம் என்பதற்கு அந்த ஒரு வழக்குப் போதும். அவுஸ்திரேலியா 2024 செப்டம்பர் முதல் காசுக்கு லூட் பாக்ஸ் விற்கும் புதிய கேம்களுக்கு வயது எச்சரிக்கையை உயர்த்தியது. பிரேசில் 2025இல் பிள்ளைகளுக்கான கேம்களில் அதைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது.

ஐரோப்பாவின் இரண்டு நாடுகள் சொல்லும் பாடம் இன்னும் ஆழமானது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 'ஃபிஃபா 18', 'ஓவர்வொட்ச்', 'கவுன்டர் ஸ்ட்ரைக்' மூன்றும் சட்டத்தை மீறுகின்றன என்று அறிவித்தது. பெரிய நிறுவனங்கள் அந்த நாட்டில் விற்பனையை நிறுத்தின. ஈஏ 2019 ஜனவரியில் நிறுத்தியது. ஆனால் 2022இல் ஓர் ஆய்வாளர் பார்த்தபோது, பெல்ஜியத்தில் அதிகம் சம்பாதிக்கும் நூறு ஐபோன் கேம்களில் 82இல் லூட் பாக்ஸ் இன்னும் விற்பனையில் இருந்தது. சட்டம் எழுதுவது வேறு, கடையைப் பூட்டுவது வேறு.

நெதர்லாந்து ஈஏக்கு ஒரு கோடி யூரோ அபராதம் போட்டது. 2022 மார்ச்சில் அந்த நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. பக்கெட் திறப்பது தனியான சூதாட்டம் இல்லை, பெரியதொரு திறமை விளையாட்டின் ஒரு பகுதி என்பது தீர்ப்பின் சாரம். முழு விலைக் கேமுக்குள் குலுக்கலை ஒளித்து வைத்தால் கேமே அதற்குக் கேடயமாகிவிடுகிறது. இந்தத் தீர்ப்பைத்தான் நம் சட்டத்தரணிகள் கவனமாக வாசிக்க வேண்டும் என்பேன்.

தமிழ்நாட்டின் அனுபவமும் நமக்கு அருகில் இருக்கிறது. ஒன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்ததால், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டு, 2022 ஒக்டோபரில் அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஆளுநர் ஆர். என். ரவி மசோதாவைத் திருப்பியனுப்பினார். சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் அது சட்டமாயிற்று. அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டு என்று சேர்த்ததை மட்டும் நீக்கியது. 2025இல் வந்த விதிகளின்படி பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பணம் வைத்து விளையாட முடியாது; நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை யாருமே விளையாட முடியாது. அதே வருடம் ஓகஸ்டில் இந்திய மத்திய அரசு பண விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடைசெய்தது. இந்தச் சட்டங்கள் பார்ப்பது பணம் போட்டுப் பணம் எடுக்கும் ஆட்டங்களை. லூட் பாக்ஸில் பணம் உள்ளே போகும், வெளியே வராது. அந்த ஓட்டை வழியாகத்தான் அது பல நாட்டுச் சட்டங்களிலிருந்து நழுவுகிறது. பணம் திரும்பி வரவே வராது என்பதால் அதைச் சூதாட்டத்தைவிடக் குறைந்த ஆபத்து என்று எண்ணுவது எனக்கு விளங்கவில்லை. சூதாடியாவது சில நாள் வென்று வீட்டுக்கு வருவான்.

நம் சட்டம் எங்கே நிற்கிறது

இலங்கையில் சூதாட்டத்தைப் பற்றிய அடிப்படைச் சட்டம் 1889ஆம் ஆண்டினதாக இருந்தது. அதையும், குதிரைப் பந்தயக் கட்டளைச் சட்டத்தையும், 2010ஆம் ஆண்டு கசினோச் சட்டத்தையும் நீக்கி, சூதாட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை ஒன்றை நிறுவும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 ஓகஸ்டில் நிறைவேற்றியது. இணையச் சூதாட்டமும் அதன் எல்லைக்குள் வருகிறது. நல்ல காரியம். ஆனால் அதை ஒட்டி எழுந்த பேச்சு முழுக்கக் கசினோ, பந்தயம், துறைமுக நகரம், வரி. பெருநாள் காசில் பக்கெட் திறக்கும் பிள்ளையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பிளேஸ்டேஷன் கணக்குத் தொடங்கும்போது வரும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே நம் பிள்ளைகள் அமெரிக்காவிலோ இந்தியாவிலோ பிரிட்டனிலோ இருப்பதாகச் சொல்லிக் கணக்குத் தொடங்குகிறார்கள். இடைத்தரகரிடம் கிஃப்ட் கார்ட் வாங்கிக் காசு போடுகிறார்கள். இடைத்தரகரின் இலாபம் டொலர் விலைக்கு மேல் ஏறுகிறது. ஏதாவது பிழைத்துப்போனால் முறையிட இடமில்லை. பெயரளவில் அமெரிக்கக்காரன், உண்மையில் கெலிஓயாக்காரன். அந்த நாட்டுச் சட்டமும் காப்பாற்றாது, இந்த நாட்டுச் சட்டமும் கண்டுகொள்ளாது. வயதையும் கூட்டித்தான் போட்டிருப்பான். பிள்ளைகளின் கணக்குக்கு மாதச் செலவு எல்லை வைக்கும் வசதி அந்த மெஷினிலேயே இருக்கிறது. பெரியவர் என்று பதிந்த கணக்கில் அது வேலை செய்யாது.

வெளிநாட்டு நிறுவனங்களை நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 2025இல் பெறுமதி சேர் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டிலிருந்து இங்குள்ளவர்களுக்கு விற்கப்படும் டிஜிட்டல் சேவைகளுக்கும் 18 வீத வரி என்று விதித்திருக்கிறார்கள். நடைமுறைக்கு வரும் திகதி தள்ளிப்போனாலும், சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. வரி எடுக்க ஒரு நிறுவனத்தைத் தேடிப்பிடித்துப் பதிவுசெய்ய அரசால் முடியும் என்றால், அதே நிறுவனத்திடம் வாய்ப்பு வீதத்தை எழுதிப்போடு என்று சொல்லவும் முடியும். வரியை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளையைக் கைவிட்டால், அந்தக் குலுக்கலில் அரசும் பங்காளி ஆகிவிடுகிறது.

நமது கடைகளில் ஒரு பிஸ்கட் பக்கெட்டில்கூட விலை, நிறை, காலாவதித் திகதி அச்சிட வேண்டும். லொத்தர் சீட்டில் என்னென்ன பரிசு என்று இருக்கும். அதைப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. லூட் பாக்ஸுக்கு இதைவிடக் கூடுதலாக எதையும் நான் கேட்கவில்லை. கிடைக்கும் வாய்ப்பு ஒவ்வொன்றுக்கும் தெளிவான எண்ணில் இருக்க வேண்டும். விலை பொயின்ட்டில் ஒளியாமல் காசில் தெரிய வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. முழு விலைக்கு விற்ற கேமில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் எதையும் குலுக்கலில் போடக் கூடாது. கடைசியாகச் சொன்னது நடக்கக் கூடியதே. பேட்டில்ஃபிரன்டும் ஷேடோ ஒஃப் வோரும் அதைச் செய்துகாட்டின. இரண்டு கேம்களும் அதற்குப் பிறகு மேம்பட்டன என்பதுதான் விளையாடியவர்களில் பலரின் கருத்து.

வீட்டில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நம் ஊரில் லொத்தர் சீட்டைக் கையால் தொடாத குடும்பங்கள் ஏராளம். சூதாட்டம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தே வளர்க்கிறோம். அதே பிள்ளை அதே காசில் திரைக்குள் குலுக்கல் போடுவது அந்த வீட்டுக்குத் தெரிவதில்லை. மஸ்ஜிதில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் செய்யும் மௌலவிமார், பாடசாலை அதிபர்மார், தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்மார் இதைப் பற்றிப் பேச வேண்டும். கேமே வேண்டாம் என்று பேசக் கூடாது. அப்படிப் பேசினால் பிள்ளை காதைப் பொத்திக்கொள்வான். 69 பக்கெட், 230 பக்கெட் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் போதும்.

பெற்றோரே, இன்று இரவு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கணக்கு எந்த நாட்டில், எந்த வயதில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் வங்கி அட்டை அதில் சேமிக்கப்பட்டிருந்தால் நீக்கிவிடுங்கள். போன மூன்று மாதத்தில் பொயின்ட்டுக்குப் போன காசை இருவருமாக ரூபாவில் கூட்டிப் பாருங்கள். புதிய அதிகாரசபையில் உட்காரப்போகிறவர்களே, உங்கள் முதல் விதிமுறைகளில் லூட் பாக்ஸைச் சேருங்கள்.